க்ளெம் பெங்கெல்லி வாய் திறந்த கதை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் இருக்கிற ஃபால்மத் துறைமுகத்தில் க்ளெம் பெங்கெல்லியைத் தெரியாதவர்கள் குறைவு. அவன் பேசிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. மீன் கடையில் விரலைக் காட்டி மீன் வாங்குவான். மதுக்கடையில் அவன் தலையைக் கண்டதுமே கோப்பையை நிரப்பி வைத்துவிடுவார்கள், அதனால் அங்கேயும் அவன் வாய்க்கு வேலை இல்லை. முடிதிருத்தும் கடைக்காரர் ஊர் வம்பையெல்லாம் வாயில் போட்டு மெல்லுகிற மனிதர். அவரே க்ளெம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பேசாமல் வானொலியைப் போட்டுவிடுவார்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவனுக்குத் துணைக் கப்பலில் உத்தியோகம். அந்த ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்த உத்தியோகம் உண்டு. கடற்படையின் போர்க்கப்பல்கள் மாதக்கணக்கில் நடுக்கடலில் சுற்றுகின்றனவே, அவற்றுக்கு எண்ணெய், குண்டு, ரொட்டி மாவு, உருளைக்கிழங்கு, கழிப்பறைக் காகிதம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இவர்கள்தான். கப்பல் அரசாங்கத்துடையது, வேலை கடற்படைக்கு, ஆட்கள் மட்டும் சிவிலியன்கள். போர்க்கப்பல் ஊர் திரும்பினால் பேண்டு வாத்தியம் உண்டு, கொடி உண்டு, குழந்தையைத் தூக்கிக் காட்டும் மனைவிமார் உண்டு. வழியெல்லாம் அதற்குச் சோறு போட்ட எண்ணெய்க் கப்பல் ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் தனியாக வந்து சேரும். கயிறு வாங்கிக் கட்ட இரண்டு பேர் நிற்பார்கள், அதில் ஒருவர் கொட்டாவி விடுவார். இதைப் பற்றி ஃபால்மத்துக்காரர்கள் புலம்ப மாட்டார்கள். புலம்பாமல் இருக்கிறோம் என்பதை மட்டும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

க்ளெமுக்கு ஒருமுறை கல்யாணமும் ஆனது. பெயர் டீனா. நல்ல பெண், கலகலவென்று பேசுகிறவள். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்ற கணக்கைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த மூன்று மாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, அவன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

"நீ கப்பல்ல இருக்கிறப்போ எனக்குத் துணை இல்லாம இருக்கு, அது சரி. நீ வீட்ல இருக்கிறப்பவும் அப்படியே இருக்கே, அதுக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டாள் ஒரு நாள்.

அதற்கும் அவனுக்குப் பதில் வரவில்லை. உள்ளே ஆயிரம் இருந்தது, தொண்டை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. டீனா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்காவது பேசித் தீர்த்த திருப்தி இருக்கும். க்ளெமுக்கு அதுவும் இல்லை. தனக்குப் பேச வராது, இனி யாரோடும் வாழவும் வராது என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மேல்முறையீடு செய்யாமல் வருஷங்களை ஓட்டினான். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே இவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நாற்பத்தொன்பது வயதில் அவனை ஓமான் வளைகுடாவில் நின்ற ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலுக்கு அழகான நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் போர்க்கப்பல்காரர்கள் அதைப் 'பசு' என்றே கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வந்து எண்ணெய் குடித்துவிட்டுப் போகிறார்கள், வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்.

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பசு தன் பாட்டுக்கு ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அது அசையக் கூடாது. போர்க்கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சேர்ந்துகொள்ளும். நாற்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு மலைகள் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் தண்ணீர் கொதித்துப் பொங்கும். பசுவிலிருந்து மெல்லிய கயிறு ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டு அனுப்புவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடிமனான கயிறு போகும், அதோடு தொலைபேசி வயர் போகும், அப்புறம் இரும்புக் கம்பி, கம்பியில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய். குழாயின் முனை எதிர்க் கப்பலில் போய்ப் பொருந்தியதும் பம்பு ஓடத் தொடங்கும். பிறகு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ இரண்டு கப்பல்களும் தோளோடு தோள் சேர்ந்து ஓட வேண்டியதுதான். கொஞ்சம் பிசகினால் கம்பி அறுந்து ஆளை அடிக்கும். அதனால் இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் பச்சைத் தலைக்கவசத்துக்குள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, விடாமல் ஒருவரையொருவர் கூப்பிட்டு, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த வேலையை க்ளெமுக்குக் கொடுத்தது ஹோவெல் செய்த குறும்பு. ஹோவெல் அந்தக் கப்பலின் போசன், மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவர், வேல்ஸ்காரர்.

"இந்த லைன்ல வெட்டிப்பேச்சு கூடாதுன்னு கேப்டன் கத்திக்கிட்டே இருக்காரு. நம்மகிட்ட அதுக்குன்னே ஒருத்தன் பொறந்து வந்திருக்கான். டேய் க்ளெம், காதுல மாட்டுடா."

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெம் மாட்டிக்கொண்டான்.

அன்றைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த போர்க்கப்பலிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வடக்கு இங்கிலாந்துக் குரல், கொஞ்சம் கரகரப்பு.

"பசு, பசு. கேக்குதா?"

"கேக்குது."

"கன்னுக்குட்டி வந்திருக்கு. பால் இருக்கா?"

'இருக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால் க்ளெமின் கண் கம்பியின் மேல் இருந்தது, கை வயரைப் பிடித்திருந்தது, முகத்துக்கு எதிரே யாரும் இல்லை.

"இருக்கு. மூஞ்சி கழுவிட்டு வந்தீங்களா? போன வாரம் வந்த கன்னு மூக்கெல்லாம் துரு. எங்க பசு ஒதைக்கப் பாத்துச்சு."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டான். யார் பேசியது என்று திரும்பிக்கூடப் பார்த்தான். எதிர்முனையில் அந்தக் கரகரப்புக் குரல் வெடித்துச் சிரித்தது.

"நாங்க சுத்தமான குடும்பம்ங்க. தெனமும் பெயிண்ட் அடிப்போம். ஆமா, நீங்கல்லாம் சல்யூட் அடிப்பீங்களா, மாட்டீங்களா? எங்க பையன் ஒருத்தன் கேக்கச் சொல்றான்."

"அடிப்போமே. ஓவர்டைம் குடுத்தா."

அவள் பெயர் பெவர்லி ஸ்டாட். பெவ் என்று கூப்பிடச் சொன்னாள். வடக்குக் கடலோரத்து ஹார்ட்டில்பூல் ஊர்க்காரி. கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டு விலகி, டாக்டர் இனிக் கயிற்றைத் தொடக் கூடாது என்று சொன்னதால் தொலைபேசியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அதில் மகா எரிச்சல். இருபது ஆண்களை அதட்டி வேலை வாங்கியவளை 'ஹலோ ஹலோ' சொல்ல வைத்துவிட்டார்கள் என்று முதல் நாளே க்ளெமிடம் கொட்டித் தீர்த்தாள். நடுநடுவே வேலையையும் விடவில்லை. அழுத்தம் சரி, கம்பி சரி, பம்பைக் கூட்டு, பம்பைக் குறை என்று அதுவும் ஒரு பக்கம் ஓடியது.

அடுத்த முறை வந்தபோது, அதற்கடுத்த முறை வந்தபோது, எல்லாம் இதே கதைதான். க்ளெம் பேசினான். ஃபால்மத்தை அடுத்துத் தான் பிறந்த பென்ரின் ஊரைப் பற்றி, சிறுவயதில் கப்பல் செப்பனிடும் துறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனதைப் பற்றி, டீனாவைப் பற்றிக்கூடப் பேசினான். பெவ்வும் தன் கவலையைச் சொன்னாள்.

"இந்த வருஷத்தோட எனக்குக் கடற்படை முடியுது க்ளெம். பதினெட்டு வயசுல உள்ள வந்தேன். காலைல எழுந்தா ஒலிபெருக்கியில ஒருத்தன் என்ன செய்யணும்னு சொல்லுவான். ஹார்ட்டில்பூல்ல எவன் சொல்லுவான்?"

"பால்காரன் சொல்லுவான்."

"இப்பல்லாம் பால்காரன் வர்றதில்லய்யா. நீ எந்தக் காலத்துல இருக்க?"

"நான் கடல்லதானே இருக்கேன்."

இப்படியே பேச்சு 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்ததை அவர்கள் இருவருமே கவனிக்கவில்லை.

ஒருமுறை இரண்டு கப்பல்களும் மஸ்கட் துறைமுகத்தில் ஒரே சமயத்தில் நின்றன. கடற்கரைச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் சந்திப்பது என்று பேசிக்கொண்டார்கள். க்ளெம் தாடியை மழித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஹோவெல் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா?"

"சும்மா."

"சும்மா போறவனுக்கு எதுக்குடா காலர்ல இவ்வளவு கஞ்சி?"

கடையில் பெவ் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம், கண்ணாடி, மிதவை உடுப்பு எதுவும் இல்லாமல் அவளை அவன் பார்ப்பது அதுவே முதல் தடவை. நரை கலந்த குட்டை முடி, நினைத்ததைவிடச் சின்ன உருவம், நல்ல கண்கள். அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நல்ல கண்கள் நேராக அவனைப் பார்த்தன. அவ்வளவுதான், யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"வெயில்," என்றான்.

"ஆமா," என்றாள் பெவ்.

டீ வந்தது. குடித்தார்கள். இன்னொரு டீ வந்தது. பெவ்வும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், அவன் முகத்தைப் பார்ப்பாள், கரண்டியை எடுத்துக் கலக்குவாள். கடைக்காரர் மலையாளி, வயதானவர், உலகம் பார்த்தவர். தண்ணீர் வைக்க வந்தவர் க்ளெமின் காதருகே குனிந்தார்.

"தப்பு யாரு மேல இருந்தாலும் பரவாயில்ல சார். நீங்க மன்னிப்புக் கேட்டுருங்க."

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் கைகுலுக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். அன்று க்ளெமுக்கு வந்த துக்கம் டீனா போனபோதுகூட வரவில்லை. அப்போது இழந்தது என்னவென்று தெரியாது. இப்போது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் போர்க்கப்பல் மறுபடி பக்கத்தில் வந்தது. வயர் போய்ச் சேர்ந்தது. அழுத்தம் சரி, கம்பி சரி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் பெவ்தான் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு ஒரு டீக்கடையில ஒருத்தனப் பாத்தேன். உன் பேரத்தான் சொன்னான். சுத்த ஊமை."

"எனக்கும் ஒருத்தி வந்து மாட்டினா," என்றான் க்ளெம், யோசிக்காமலே. "குரலக் கப்பல்லயே வச்சுட்டு வந்திருந்தா. பாவம்."

பிறகு பம்பு ஓடிய நேரம் முழுக்கப் பேசினார்கள். இங்கே கொட்டுகிறது, அங்கே அடைக்கிறது, ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. எண்ணெய் ஓடுகிற வரைக்கும்தான் தனக்கு வாய் என்று க்ளெம் பயந்தான். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. எண்ணெய் ஓடுவது நிற்கப் போகிறதே.

பெவ்வின் கப்பல் ஊர் திரும்பும் நாள் வந்தது. அதற்கு முன் கடைசியாக ஒருமுறை எண்ணெய் பிடிக்க வந்தார்கள். அன்றைக்கு எப்படியாவது கேட்டுவிடுவது என்று க்ளெம் முடிவு செய்திருந்தான். ஊருக்குப் போன பிறகு ஃபால்மத்துக்கு வருவாயா, அவ்வளவுதான் கேள்வி. கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு பற்றிப் பேசினான். வெயிலைப் பற்றிப் பேசினான். அவனுடைய கப்பலில் ஞாயிற்றுக்கிழமை போடும் வறுத்த இறைச்சி பற்றி விலாவாரியாகப் பேசினான். பம்பு நின்றது. குழாய் திரும்பி வந்தது. கம்பி வந்தது. தொலைபேசி வயர் மட்டும் பாக்கி.

"அப்ப சரி க்ளெம்," என்றாள் பெவ். குரல் தணிந்திருந்தது.

"சரி பெவ்."

அப்போது அந்த லைனில் மூன்றாவது குரல் ஒன்று புகுந்தது.

"யோவ், கேட்டுத் தொலைய்யா. நாலு மாசமா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கோம். முடிவு தெரியாமலே போயிருமா எங்களுக்கு?"

 அது நெட் என்பவனின் குரல். பம்பு அறையில் வேலை செய்பவன். பம்பைக் கூட்டு, குறை என்று சொல்கிற லைன் பம்பு அறைக்கும் போகாமல் எப்படி இருக்கும். இருபது வருஷமாக அந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவன், சின்னப் பையனுக்கும் தெரிந்த இந்த விஷயத்தை நான்கு மாதமாக மறந்துவிட்டிருந்தான்.

"யாருங்க அது?" என்றாள் பெவ்.

"பம்பு அறைம்மா. வணக்கம். இங்க ஆறு பேர் இருக்கோம். மஸ்கட்ல நடந்தது ரொம்ப வருத்தம்மா எங்களுக்கு. ஹோவெல் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல."

க்ளெம் ஹோவெலைப் பார்த்தான். ஹோவெல் அவசரமாகக் கடலைப் பார்த்தார். அந்தப் பக்கம் வயரைக் கழற்ற ஆள் குனிந்துவிட்டான்.

"பெவ், ஊருக்குப் போனதும் ஃபால்மத் வர்றியா?" என்றான் க்ளெம் ஒரே மூச்சில்.

காதில் கரகரவென்று சத்தம், அப்புறம் வெறும் காற்று. வயர் கழன்று தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. பதில் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியவில்லை. போர்க்கப்பல் வேகம் பிடித்தது. கிளம்பும்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது அவர்கள் வழக்கம், அன்றைக்கும் ஏதோ பாட்டு அலறியது. அந்த இரைச்சலுக்குள் கத்தினாலும் கேட்காது.

அங்கே பெவ், பக்கத்தில் நின்ற பையனின் கையிலிருந்த சைகை மட்டைகள் இரண்டையும் பிடுங்கினாள். விலகிய தோள்மூட்டையும் பொருட்படுத்தாமல் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பம்பைத் தொடங்கு என்பதற்கான சைகை அது. மறுபடி மறுபடி அதையே ஆட்டினாள்.

பசுவின் மேல்தளத்தில் ஒருவன் விழித்தான். "குழாயே இங்க வந்தாச்சு. யாருக்கு எண்ணெய் விடச் சொல்றா இவ?"

"அது உனக்கு இல்லடா மடையா," என்றார் ஹோவெல். "வேலையப் பாரு."

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் க்ளெம் விடுமுறையில் பென்ரின் வந்தான். விடுமுறையில் அவன் தங்குவது அக்கா ஹெஸ்டர் வீட்டு மாடியறையில். ஹெஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது, பக்கத்து நகரமான ட்ரூரோவுக்கும் ஃபால்மத்துக்கும் இடையே பஸ் ஓட்டுகிறாள். தம்பிக்குச் சமைத்துப் போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், ஆனால் அவன் மேல் அவளுக்கு ஒரு கசப்பு உண்டு. அப்பா இறந்தபோது க்ளெம் வரவில்லை. அட்லாண்டிக் நடுவில் இருந்தான், வர முடியாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் 'வர முடியாது' என்று இரண்டே வார்த்தையில் ஒரு செய்தி அனுப்பினானே, அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. திரும்பி வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

பெவ் வருவதை அவன் ஒரு வழியாகச் சொன்னபோது ஹெஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பொண்ணா? உனக்கா? வாயத் தெறந்து கேட்டியா, இல்ல கையக் காட்டினியா?"

"கேட்டேன்."

"ட்ரூரோவுல எறங்கி என் பஸ்ல ஏறச் சொல்லு. அவ எப்படி இருக்கான்னு நான் பாக்கணும்."

க்ளெமுக்குத் தூக்கம் போயிற்று. நடுவில் கைப்பேசியிலும் பேசிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. உம், சரி, அப்படியா என்று மூன்று வார்த்தையோடு அவன் கதை முடிந்துவிடும். மறுபடி ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மறுபடி 'வெயில்' என்று சொல்லப் போகிறோம், அதுவும் கார்ன்வாலில் வெயிலும் கிடையாது. இந்த முறை ஊமையாகிவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். நாற்பத்தொன்பது வயதில் இன்னொரு பெவ் எந்தக் கடலிலிருந்து வருவாள்.

ட்ரூரோ ரயில் நிலையத்தில் அவள் இறங்கினாள். கையில் ஒரு பை. சிரித்தாள். அவன் பையை வாங்கிக்கொண்டான். பஸ் வரைக்கும் நடந்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் பெவ் ஜன்னலோரமும் அவன் பக்கத்திலுமாக உட்கார்ந்தார்கள். ஹெஸ்டர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், வண்டியை எடுத்தாள். 

ஊரைத் தாண்டி, போகிற பக்கமே இரண்டு தடம் உள்ள அகலச் சாலை வந்ததும் ஒரு பெரிய லாரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து, முந்தவும் இல்லாமல் பிந்தவும் இல்லாமல் கூடவே ஓடியது.

"ரொம்பக் கிட்ட வர்றான்," என்றாள் பெவ், ஜன்னலைப் பார்த்தபடி.

"நாற்பது மீட்டர் வேண்டாம், நாலடியாவது விடணும்," என்றான் க்ளெம், சாலையைப் பார்த்தபடி. "புதுசா ஓட்டுறான் போல. சக்கரத்த ஆட்டிக்கிட்டே இருக்கான் பாரு."

"கயிறு சுட்டு விடலாமா?"

"விடலாம். ஆனா அவன் எண்ணெய் குடிக்க வரல. லாரில முட்டைக்கோஸ் போகுது."

பெவ் சிரித்தாள். க்ளெம் தொடர்ந்தான். ஹோவெல் ஓய்வு பெற்றுவிட்டதைச் சொன்னான். நெட் தன் பெண்டாட்டியிடம் இந்தக் கதையைச் சொல்லி, அவள் தினமும் முடிவு கேட்டு அவன் உயிரை எடுப்பதைச் சொன்னான். பெவ் தன் கடைசி நாளன்று உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுததைச் சொன்னாள். இருவர் கண்ணும் முன்னால் ஓடும் சாலையில் இருந்தது. இருவரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேச எல்லோராலும் முடியாது. சிலருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வரும். இதைக் கண்டுபிடிக்க க்ளெமுக்கு இவ்வளவு வயதாயிற்று, பாவம் டீனாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

ஃபால்மத் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். க்ளெம் தான் இறங்க வேண்டியவன் என்பதையே மறந்து பேசிக்கொண்டிருந்தான். ஹெஸ்டர் எஞ்சினை அணைத்தாள், பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் குரல் இப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவின் குரல் அது. பிறகு, புதிதாக ஏறிய நாலைந்து பேரோடு வண்டியைத் திருப்பி ட்ரூரோ நோக்கி விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. பென்ரின் தாண்டும்போது பெவ் கேட்டாள்.

"அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன்னு சொன்னியே. அவர் எப்ப போனார்?"

க்ளெம் மழையைத் துடைக்கும் பட்டைகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் அட்லாண்டிக்ல இருந்தப்போ. பெரிய அலை. பக்கத்துல ஒரு போர்க்கப்பல், அதுல எண்ணெய் வறண்டு கெடந்துச்சு, எங்கள விட்டா அதுக்கு வேற கதி இல்ல. நான் கயிறப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பத்தான் சேதி சொன்னாங்க. போய் உள்ள உக்காருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் போகல. கயிற விட்டா விழுந்துருவேன்னு தோணுச்சு."

பெவ் பக்கத்தில் இருந்தாள்.

"அப்புறம் அக்காவுக்கு எழுத உக்காந்தேன். பக்கம் பக்கமா எழுதி எழுதி அழிச்சேன். அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது அவ. நான் கயிறப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அத எப்படி அவகிட்டப் போய்ச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. கடைசில வர முடியாதுன்னு மட்டும் அனுப்பினேன்."

டெவோரான் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் குடையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பஸ் நிற்காமல் அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னால் யாரோ மணியை அடித்தார்கள். ஹெஸ்டர் திடுக்கிட்டு ஓரம் கட்டினாள். குடைக்கார அம்மாள் மழையில் ஓடி வந்து ஏறினாள்.

"கண்ணு தெரியலயா உனக்கு? மனுஷி நிக்கிறது தெரியல?"

"தெரியலம்மா, நெசமாவே தெரியல," என்றாள் ஹெஸ்டர். கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "போய் உக்காருங்க. ஒரு நிமிஷம் குடுங்க எனக்கு."

க்ளெம் அப்போதுதான் யாருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தான்.  ஹெஸ்டர் திரும்பவில்லை. கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா கடைசியா உன்னத்தான்டா கேட்டார். பையன் எங்கன்னார். வேலைல இருக்கான்ப்பான்னேன். யாருக்காவது எண்ணெய் குடுத்துட்டு இருப்பான், தொந்தரவு பண்ணாதேன்னார். அத ரொம்பப் பெருமையாச் சொன்னார்."

 இந்த முறை வார்த்தை க்ளெமின் தொண்டையோடு நின்றுவிடவில்லை.

"இத இத்தன வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"நீ எப்படா கேட்ட?"

பெவ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குடைக்கார அம்மாள் பின்னாலிருந்து, வண்டி போகுமா போகாதா என்று கேட்டாள். போகும் என்றாள் ஹெஸ்டர்.

"கேளு," என்றாள் தம்பியிடம், கியரைப் போட்டபடி. "இன்னும் என்னென்ன கேக்கணுமோ கேளு. ட்ரூரோ போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு."

க்ளெம் கேட்கத் தொடங்கினான்.